பின் ஆக்சில் சத்தம்: காதால் கண்டுபிடித்து, அளந்து சரிசெய்யும் முறை

வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வருவது இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பான டிஃபரன்ஷியல் மேல்தான். திறந்து, அதிலுள்ள க்ரௌன்–பினியன் செட்டை (பெரிய வளையப் பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமும்) மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்த்தால் அதே ஊளை அப்படியே கேட்கும். கடைசியில் பார்த்தால் டயர் தேய்மானமாகவோ ஆக்சில் பேரிங்காகவோ இருக்கும். அதனால் இந்த வேலையின் பெரும்பகுதியைக் காதாலும் ஆக்சிலேட்டர் மேல் வைத்த காலாலும் முடித்துவிட வேண்டும். சத்தம் எங்கிருந்து வருகிறது, எந்த நிலையில் கூடுகிறது, எந்த நிலையில் அடங்குகிறது என்று உறுதியாகத் தெரியும்வரை ஸ்பேனரைத் தொட வேண்டாம்.

இங்கே சொல்வதெல்லாம் பின் சக்கரத்தால் ஓடும் கார், ஜீப், வேன், பிக்-அப் வண்டிகளில் இரண்டு சக்கரங்களையும் ஒரே ஹவுசிங்கில் சேர்க்கும் முழு ஆக்சிலுக்கு. தரப்படும் அளவுகள் இந்த வகை ஆக்சில்களில் வழக்கமாகக் காணப்படுபவை. வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அந்த எண்ணே சரி.

ஓட்டுவதற்கு முன்

காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். பிறகு நான்கு டயர்களின் மேலும் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பப்பல் மாதிரியும் இருந்தால், அல்லது ஓரங்களில் மேடும் பள்ளமுமாக இருந்தால், அந்த டயர் ஆக்சில் மாதிரியே ஊளையிடும். முன் டயர் சத்தம்கூட பின்னாலிருந்து வருவதுபோல் கேட்கும். மூடிய வண்டிக்குள் காது ஏமாறுவது மிகச் சுலபம்.

சக்கர நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, சைலன்சர் குழாய் எங்காவது ஆக்சிலையோ பாடியையோ தொடுகிறதா, பிரேக் டிரம்மின் பின்தட்டு வளைந்து உரசுகிறதா, லீஃப் ஸ்பிரிங்கின் யூ-போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஐந்து நிமிடம் குனிந்து பாருங்கள். ஹவுசிங்கின் நிரப்பும் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்கும்போது ஆயில் அந்தத் துளையின் கீழ் விளிம்புவரை இருக்க வேண்டும். விரல் நனையவில்லை என்றால் சத்தத்துக்கான காரணத்தில் பாதி கிடைத்துவிட்டது. ஆனால் ஆயில் ஊற்றிவிட்டால் சத்தம் போய்விடும் என்று நம்ப வேண்டாம். வறண்டு ஓடிய பல்லில் ஏற்பட்ட கீறல் ஆயிலால் மறையாது.

ஓட்டிப் பார்ப்பது

ஆறிய ஆயில் கெட்டியாக இருந்து சத்தத்தை அடக்கும். அதனால் குறைந்தது 15 கிலோமீட்டர் ஓட்டி ஆக்சிலைச் சூடாக்கிவிட்டு, நெரிசலில்லாத சமமான தார்ச்சாலைக்குப் போங்கள். கண்ணாடிகளை ஏற்றி விடுங்கள். கூட ஒருவர் பின் இருக்கையில் உட்கார்ந்தால் நல்லது. சத்தம் எந்த வேகத்தில் தொடங்கி எந்த வேகத்தில் மறைகிறது என்பதை அவர் எழுதிக்கொள்ளட்டும்.

சத்தம் வரும் வேகத்தில் நான்கு நிலைகளைச் சோதிக்க வேண்டும். மிதித்து வேகம் கூட்டுவது முதல் நிலை. ஒரே வேகத்தில் லேசாக மிதித்தபடி போவது இரண்டாவது. இழுவையும் இல்லாமல் எஞ்சின் பிடிப்பும் இல்லாமல் மிதியை நடுவில் நிறுத்திப் பிடிப்பது மூன்றாவது. கியரில் வைத்தபடியே காலை முழுக்க எடுத்துவிடுவது நான்காவது.

க்ரௌன் பல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முகம் உண்டு. மிதிக்கும்போது பினியன் ஒரு முகத்தை அழுத்துகிறது. காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதால் அழுத்தம் மறுமுகத்துக்கு மாறுகிறது. அதனால் பல்லிலிருந்து வரும் ஊளை, காலை அசைத்தவுடன் மாறியே தீரும். மிதித்தால் கத்தி, விட்டால் அமைதியாகும்; அல்லது நேர்மாறாக நடக்கும். நடுநிலையில் மிதியைப் பிடித்தால் சட்டென்று அடங்கும். காலை என்ன செய்தாலும் மாறாமல் வேகத்துக்கு ஏற்ப மட்டும் கூடிக் குறையும் சத்தம் டயராகவோ சக்கர பேரிங்காகவோதான் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்து, அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி எஞ்சினை ஐடிலில் விட்டு உருட்டுங்கள். எஞ்சினை அணைக்கக் கூடாது, அணைத்தால் பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் உதவி போய்விடும். சத்தத்தின் சுருதி எஞ்சின் சுழற்சியோடு சேர்ந்து இறங்கினால் கோளாறு எஞ்சினிலோ கியர்பாக்ஸின் முன்பாதியிலோ இருக்கிறது. பிறகு அதே வேகத்தை வேறு வேறு கியரில் ஓட்டிப் பாருங்கள். கியர் மாற்றினாலும் சுருதி மாறவில்லை என்றால் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டிலோ அதற்குப் பிறகோதான் கோளாறு. வழக்கமான கியர்பாக்ஸில் நான்காவது கியர் நேரடி இணைப்பு என்பதால் அதில் கியர்பாக்ஸ் பற்கள் சுமையில்லாமல் ஓடும். அந்தக் கியரிலும் ஊளை அப்படியே இருந்தால் கியர்பாக்ஸ் மேல் பழி போட முடியாது.

டயரைப் பிரித்தறிய, சாலையின் மேற்பரப்பை மாற்றுங்கள். சொரசொரப்பான சாலையிலிருந்து வழவழப்பான சாலைக்கு ஏறியதும் சத்தம் மாறினால் டயர். அதற்கும் சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயர்களையும் பின் டயர்களையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். சக்கர பேரிங்கைப் பிடிக்க, அகலமான காலிச் சாலையில் மெதுவாக இடமும் வலமும் வளைந்து ஓட்டுங்கள். இடப்பக்கம் திரும்பினால் எடை வலப்பக்கம் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பேரிங் சந்தேகத்துக்குரியது. பந்து பேரிங் உள்ள ஆக்சில்களில் பக்கவாட்டு அழுத்தமும் சேர்வதால் சில சமயம் எதிர்ப்பக்க பேரிங்தான் கத்தும். இதை ஒரு குறிப்பாக வைத்துக்கொண்டு, வண்டியைத் தூக்கிய பிறகு உறுதிசெய்யுங்கள்.

சத்தத்தின் எண்ணிக்கை

இந்த வேலையில் பலர் பயன்படுத்தாத ஒரு கருவி சாதாரணக் கணக்கு. டயரின் விட்டம் 650 மி.மீ. என்றால் சுற்றளவு 2.04 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் போகிறது. சக்கரம் நொடிக்கு 8.2 சுற்று சுற்றுகிறது. க்ரௌனில் 41 பல், பினியனில் 10 பல் என்றால் விகிதம் 4.1. பினியன் நொடிக்கு 33 சுற்றுக்கு மேல் சுற்றும். பல்லோடு பல் சேர்வது நொடிக்கு ஏறத்தாழ 335 முறை. கைபேசியில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்து ஓட்டினால், 60-இல் 335 ஹெர்ட்ஸ் அருகிலும் 40-இல் 223 அருகிலும் முகடு எழும்பினால் அது பல் ஊளை. வேறு எதுவும் அந்தக் கணக்கில் அவ்வளவு துல்லியமாக உட்காராது. ரோட்டில் ஓடும்போது டயர் சற்று அமுங்குவதால் எண் சில ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும், அது பரவாயில்லை.

“டக்... டக்” என்ற தட்டல் சத்தத்துக்கும் இதே வழி. நடக்கும் வேகத்தில் வண்டியை உருட்டி, வெளியே ஒருவரை நடக்கவிட்டுச் சக்கரத்தின் சுற்றையும் தட்டலையும் எண்ணச் சொல்லுங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டல் என்றால் க்ரௌன் பல்லில் சில்லு போயிருக்கலாம், டயரில் கல் சிக்கியிருக்கலாம், டிரம் வளைந்திருக்கலாம். ஒரு சுற்றுக்கு நான்கு தட்டல் என்றால் பினியன் பல்லையோ ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையோ பாருங்கள்.

புறப்படும்போதும் ரிவர்ஸுக்கு மாற்றும்போதும் ஒரே ஒரு “டொக்” மட்டும் வந்தால் முதலில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயிண்ட், ஸ்லிப் ஜாயிண்டின் ஸ்ப்லைன், பினியன் ஃப்ளேஞ்ச் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைப் பூட்டும் தட்டு) நட்டு, கடைசியாக டிஃபரன்ஷியலுக்குள் தேய்ந்த த்ரஸ்ட் வாஷர்கள். மெதுவாகப் போகும்போது எலி கத்துவது போன்ற கீச்சு வந்தால் வறண்ட யூனிவர்சல் ஜாயிண்ட். திரும்பும்போது மட்டும் வரும் சத்தம் ஸ்டார் பினியன், சைடு கியர் எனும் டிஃபரன்ஷியல் கேஸுக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் பக்கம்; நேராகப் போகும்போது அவை கேஸோடு சேர்ந்து ஒன்றாகச் சுற்றுவதால் அவற்றுக்குள் உரசலே இல்லை. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை ஆக்சிலில் திருப்பத்தில் கடகடவென்று அதிர்ந்தால், உராய்வைக் குறைக்கும் சேர்ப்பு இல்லாத ஆயில் ஊற்றியிருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றிப் பார்க்காமல் திறக்கக் கூடாது.

மிதிக்கும்போது பினியன் க்ரௌனை விட்டு விலகும் பக்கம் தள்ளப்பட்டுத் தலைப்பக்க பேரிங்கை அழுத்துகிறது. காலை எடுத்தால் உள்ளே இழுக்கப்பட்டு ஃப்ளேஞ்ச் பக்க பேரிங்குக்குச் சுமை போகிறது. காலை எடுத்தால் மட்டும் சொரசொரப்பாக உறுமுகிறது, ஃப்ளேஞ்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடுகிறது என்றால், பினியன் ப்ரீலோடு (பூட்டும்போதே பேரிங்குக்குக் கொடுத்த இறுக்கம்) போய்விட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.

தூக்கிப் பார்ப்பது

முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின் ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஜாக் ஸ்டாண்டு கொடுத்து, இரண்டு பின் சக்கரங்களும் தரையை விட்டு எழும்பும்படி தூக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே தலையை விடவே கூடாது. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினால் சுழற்றுவது இரண்டு வகையில் ஆபத்து. சாதாரண டிஃபரன்ஷியலில் அந்த ஒற்றைச் சக்கரம் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றி ஸ்டார் பினியனைக் காய்ச்சிவிடும். லிமிடெட் ஸ்லிப் என்றால் தரையில் இருக்கும் சக்கரம் வண்டியையே ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும்.

முதலில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் கையால் சுழற்றுங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கையை அந்தப் பக்கத்து லீஃப் ஸ்பிரிங் மேல் வையுங்கள். பேரிங்கில் குழி விழுந்திருந்தால் மணலை அரைப்பது மாதிரி அதிர்வு விரலுக்குத் தெரியும். காதுக்குக் கேட்காத கோளாறைக்கூட விரல் சொல்லும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டி ஆட்டத்தையும் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓட்டி 40 கி.மீ.க்கு மேல் போகாமல், ஸ்டெதஸ்கோப்பையோ நீண்ட ஸ்க்ரூ டிரைவரையோ ஆக்சில் குழாயின் இரு முனையிலும், ஹவுசிங்கின் இரு பக்கமும், பினியன் மூக்கிலும் வைத்துக் கேளுங்கள். சுற்றும் பாகங்களிலிருந்து கையும் துணியும் விலகி இருக்க வேண்டும். சுமையில்லாமல் சுற்றுவதால் பல் ஊளை இங்கே சரியாகக் கேட்காது. பேரிங் சத்தத்துக்குத்தான் இந்தச் சோதனை.

ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றும் முன் ஃப்ளேஞ்ச் இரண்டிலும் ஒரே கோட்டில் பெயிண்ட் அடையாளம் போடுங்கள். மாற்றிப் பூட்டினால் பேலன்ஸ் கெட்டுப் புதிதாக ஓர் அதிர்வு பிறக்கும். கழற்றியபின் ஜாயிண்டை எல்லாப் பக்கமும் மடக்கிப் பாருங்கள். நடுவில் பிடிப்பது போல் ஒரு கெட்டி இடம் இருந்தால் ஊசி உருளைகள் கிண்ணத்தில் பதிந்துவிட்டன. அந்த கிராஸ் செட்டையே மாற்ற வேண்டும்.

ஆயில் சொல்வது

சூடாக இருக்கும்போதே ஆயிலை வெள்ளைத் தட்டில் வடியுங்கள். முதலில் நிரப்பும் பிளக்கைத் திறந்து, அது திறக்கிறது என்று உறுதியான பிறகுதான் வடிக்கும் பிளக்கைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் காலியான ஆக்சிலோடு நிற்க நேரிடும். காந்தப் பிளக்கில் சாம்பல்நிறப் பசை மெல்லியதாக ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம். செதில் செதிலான பளபளப்பு இருந்தால் பேரிங் ஓட்டம் உரிகிறது. விரலில் பிடிக்கும் அளவு துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அப்படியானால் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடாதீர்கள். பேரிங்குகளில் துருப் புள்ளிகள் விழுந்திருக்கும். பழைய வண்டி வாங்கும்போது ஆயிலில் மரத்தூள் கலந்திருந்தால், யாரோ சத்தத்தை மறைத்து விற்கப் பார்த்திருக்கிறார்கள்.

ஹைபாய்டு வகைப் பினியன் க்ரௌனின் மையக்கோட்டை விட்டு இறங்கி உட்கார்ந்திருக்கும். அதனால் பற்கள் உருளுவதோடு நிற்காமல் நீளவாக்கில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன. இந்த வழுக்கலைத் தாங்க ஜி.எல்-5 தர கியர் ஆயில் வேண்டும். ஜி.எல்-4 ஊற்றினால் பல் முகம் கீறிவிடும். பெரும்பாலான ஆக்சில்களுக்கு 80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90. கடும் சுமை வண்டிகளுக்கு 85டபிள்யூ-140 கேட்பார்கள். ஹவுசிங் மேலே இருக்கும் ப்ரீதரையும் இப்போதே கழற்றி ஊதுங்கள். அது அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். பல ஆக்சில் சத்தங்களின் தொடக்கமே அந்தச் சின்னத் துளைதான்.

ஆக்சில் பேரிங் மாற்றுவது

மூன்று அமைப்பு உண்டு. முதலாவதில் ஆக்சில் ஷாஃப்ட் மேல் பேரிங்கும், அதைப் பிடித்துக்கொள்ள இறுக்கமாக ஏற்றிய வளையமும் இருக்கும். பிரேக் டிரம்மைக் கழற்றி, பின்தட்டின் நான்கு நட்டையும் எடுத்து, ஸ்லைடு ஹேமரால் ஷாஃப்டை இழுக்க வேண்டும். வளையத்தைப் பாதி ஆழத்துக்கு மட்டும் துளைத்து, உளியால் ஓர் அடி அடித்தால் பிளக்கும். துளை ஷாஃப்டைத் தொட்டுவிடக் கூடாது. அந்தக் கீறலிலிருந்துதான் பின்னாளில் ஷாஃப்ட் ஒடியும். காஸ் டார்ச்சை ஷாஃப்ட் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். புதிய பேரிங்கை உள்வளையத்தில் மட்டும் அழுத்தி ப்ரெஸ்ஸில் ஏற்றிவிட்டு, வளையத்தைத் தனியாக இரண்டாவது முறை ஏற்றுங்கள். இரண்டையும் ஒன்றாக ஏற்றக் கூடாது, பழைய வளையத்தை மறுபடி பயன்படுத்தவும் கூடாது. பேரிங்குக்கு முன்னால் வர வேண்டிய பிடிதட்டை ஷாஃப்டில் போட மறந்து, ப்ரெஸ் செய்த பிறகு தலையில் கைவைப்பது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும். அதை முதலில் மாட்டுங்கள்.

இரண்டாவது அமைப்பில் உருளை பேரிங் ஹவுசிங் குழாயில் இருக்கும்; உருளைகள் நேராக ஷாஃப்ட் மேலேயே ஓடும். இங்கே பேரிங்கை மட்டும் மாற்றினால் போதாது. ஷாஃப்டில் உருளை ஓடிய பட்டையை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் ஷாஃப்டும் போய்விட்டது. மூன்றாவது, பாரம் ஏற்றும் வண்டிகளில் வரும் முழு மிதவை ஹப். இதில் இரண்டு டேப்பர் பேரிங் இருக்கும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின்தளர்த்தி, மேனுவல் சொல்லும் ஆட்டத்துக்கு வைத்துப் பூட்ட வேண்டும். பொதுவாக அது 0.02 முதல் 0.10 மி.மீ.க்குள் வரும். எந்த அமைப்பானாலும் சீல் புதிது போடுங்கள், அதன் உதட்டில் கியர் ஆயில் தடவுங்கள், டேப்பர் பேரிங்கில் வெளிக்கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுங்கள்.

பினியன் நட்டு

பினியன் சீல் ஒழுகுகிறது என்று நட்டைக் கழற்றி, சீலைப் போட்டு, ஏர் கன்னால் இறுக்கிவிடுவார்கள். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஊளை தொடங்கும். காரணம், பல ஆக்சில்களில் இரண்டு பினியன் பேரிங்குக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கிறது. நட்டை இறுக்கும்போது அது நசுங்கி பேரிங்குகளின் ப்ரீலோடைத் தீர்மானிக்கிறது. அதிகமாக நசுக்கிவிட்டு நட்டைத் தளர்த்தினால் அது திரும்ப நீளாது. நட்டு இறுக்கமாகத் தெரியும், பேரிங் தளர்வாக ஓடும்.

சரியான முறை இது. சக்கரங்களையும் டிரம்களையும் கழற்றி பிரேக் இழுவை இல்லாமல் செய்யுங்கள். நட்டை அசைக்கும் முன் பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசையை அளந்து எழுதுங்கள். சிறிய டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் ஃப்ளேஞ்சில் கயிறு சுற்றி, சுருள்வில் தராசால் இழுத்துப் பாருங்கள். ஃப்ளேஞ்சின் ஆரம் 50 மி.மீ., தராசு 4 கிலோ காட்டுகிறது என்றால் 39 நியூட்டன் பெருக்கல் 0.05 மீட்டர், அதாவது ஏறத்தாழ 2 நியூட்டன் மீட்டர். அசையத் தொடங்கும் முதல் இழுப்பை விட்டுவிட்டு, சீராகச் சுற்றும்போது காட்டும் எண்ணை எடுங்கள். நட்டு, ஷாஃப்ட் முனை, ஃப்ளேஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்க்கோட்டில் புள்ளி குத்துங்கள். சீல் மாற்றியபின் அந்தப் புள்ளிகள் சேரும்வரை இறுக்கி, முன்பு எழுதிய எண்ணைவிட 0.3 முதல் 0.5 நியூட்டன் மீட்டர் மட்டும் கூடும்படி நிறுத்துங்கள். புதிய பேரிங் போட்டால் புதிய ஸ்பேசரும் கட்டாயம். ஆக்சில் ஷாஃப்டும் கேஸும் வெளியே இருக்கும் நிலையில் புதிய பேரிங்குக்கு 1.5 முதல் 3 நியூட்டன் மீட்டர், ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி என்பது வழக்கமான வரம்பு. ஸ்பேசரை நசுக்க ஆரம்பிக்கவே நட்டில் 300 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டியிருக்கலாம். ஆனால் நசுங்கத் தொடங்கிவிட்டால் நட்டின் சின்னத் திருப்பலுக்கே ப்ரீலோடு சட்டென்று ஏறிவிடும். எனவே கொஞ்சம் திருப்பி, சுழற்றி, அளந்து, மறுபடி திருப்பி என்று போக வேண்டும். எல்லை தாண்டிவிட்டால் தயங்காமல் ஸ்பேசரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதில் தொடங்குங்கள்.

க்ரௌன்–பினியன்

திறந்தவுடன் கழற்ற ஆரம்பிக்காதீர்கள். பல்லைத் துடைத்து, டயல் கேஜின் முனையைக் க்ரௌன் பல்லுக்குச் செங்குத்தாக வைத்து, பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு க்ரௌனை முன்னும் பின்னும் அசைத்து பேக்லாஷை, அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை, அளந்து பாருங்கள். சுற்றிலும் நான்கு இடங்களில் எடுங்கள். புதிய செட்டுகளில் பொதுவாக 0.13 முதல் 0.20 மி.மீ. இருக்கும். நான்கு அளவுகளுக்குள் வித்தியாசம் 0.08-ஐத் தாண்டினால் க்ரௌன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது அல்லது கேஸ் வளைந்திருக்கிறது. க்ரௌனின் முதுகில் கேஜை வைத்து ரன்-அவுட்டும் (சுற்றும்போது பக்கவாட்டில் ஆடும் அளவு) பாருங்கள், 0.05 மி.மீ.க்குள் இருந்தால் திருப்தி. இந்த எண்களைக் காகிதத்தில் எழுதி ஒட்டிவைத்த பிறகு, பேரிங் மூடிகளில் இடது, வலது, மேல், கீழ் என்று பஞ்சால் அடையாளம் குத்துங்கள். அந்த மூடிகளை ஹவுசிங்கோடு சேர்த்தே துளை கடைந்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் பேரிங் வட்டமாக உட்காராது. இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களையும் பக்கம் மாறாமல் கட்டிவையுங்கள். க்ரௌன் போல்ட் சில ஆக்சில்களில் இடமரை. எதிர்ப்பக்கம் திருப்பி உடைக்காதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய க்ரௌன்–பினியனில் பேக்லாஷ் 0.28 இருக்கிறது என்பதற்காக அதைப் புதிய செட்டின் அளவுக்கு நெருக்கி வைக்காதீர்கள். அந்தப் பற்கள் இத்தனை நாள் ஓடிய தடத்திலேயே ஒன்றுக்கொன்று பழகித் தேய்ந்திருக்கின்றன. நகர்த்தினால் தேயாத விளிம்பு தேய்ந்த பள்ளத்தில் ஏறி, அமைதியாக இருந்த ஆக்சில் அன்றைக்கே ஊளையிடும். பல் நன்றாக இருந்து பேரிங் மட்டும் மோசம் என்றால், பேரிங்கை மாற்றி, அதே ஷிம், அதே பேக்லாஷ், அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள். பல்லே கீறியிருந்தால், சில்லு போயிருந்தால், அல்லது மிதிக்கும்போது பல ஆண்டுகளாக ஊளையிட்டுக்கொண்டிருந்தால் செட்டாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் தொழிற்சாலையில் ஜோடியாகத் தேய்த்து ஒரே எண் பொறித்திருப்பார்கள். பினியனை மட்டும் வேறு செட்டிலிருந்து எடுத்துப் போடுவது வீண்.

புதிய செட்டைப் போடும்போது க்ரௌனைக் கொதிநீரில் சூடாக்கினால் கேஸில் அலுங்காமல் இறங்கும். உடனே துடைத்து உலர்த்தி, போல்ட்டுகளில் லாக் திரவம் தடவி, எதிரெதிராக மூன்று கட்டமாக இறுக்குங்கள். பினியன் தலைக்கும் உள் பேரிங்குக்கும் நடுவே வரும் ஷிம்மைத் தொடக்கத்தில் பழைய கனத்திலேயே வைத்துப் பார்க்கலாம். பிறகு தடம் பார்க்க வேண்டும்.

ஐந்தாறு பற்களின் இரண்டு முகத்திலும் மஞ்சள் மார்க்கிங் பசையை மெல்லிய படலமாகப் பூசுங்கள். மரக்கட்டையால் க்ரௌனை நெம்பிப் பிடித்து இழுவை கொடுத்தபடி பினியனை இரு திசையிலும் சுற்றுங்கள். இழுவை இல்லாமல் சுற்றினால் வரும் தடம் பொய்த் தடம். பசை விலகிய இடம்தான் பல் தொடும் இடம். பல்லின் உட்பக்க ஒடுங்கிய முனை மூக்கு, வெளிப்பக்க அகன்ற முனை குதிகால் என்று வைத்துக்கொள்ளுங்கள். தடம் பல்லின் உச்சிக்கும் வேருக்கும் நடுவில், மூக்குக்கும் குதிகாலுக்கும் நடுவிலோ மூக்குப் பக்கம் சற்றுச் சாய்ந்தோ, நீள்வட்டமாக விழ வேண்டும்.

தடம் உச்சியில் ஓடினால் பினியன் தள்ளி நிற்கிறது. ஷிம்மைத் தடிமனாக்கி உள்ளே கொண்டுவாருங்கள். வேரில் புதைந்தால் மிக நெருங்கிவிட்டது, மெல்லியதாக்குங்கள். மூக்கு முனைக்குப் போய்விட்டால் க்ரௌனைப் பினியனிலிருந்து விலக்குங்கள். குதிகாலில் விழுந்தால் நெருக்குங்கள். ஷிம்மை 0.05 மி.மீ. மாற்றினாலே தடம் கண்ணுக்குத் தெரிய நகரும். அதனால் அரை மில்லிமீட்டர் பாய்ச்சல் வேண்டாம். க்ரௌனை 0.10 நகர்த்தினால் பேக்லாஷ் ஏறத்தாழ 0.07 மாறும் என்ற கணக்கு கையில் இருந்தால் பல தடவை கழற்றிப் பூட்ட வேண்டியிருக்காது. பக்கவாட்டுத் திருகு வளையம் உள்ள வகையில் ஒரு பக்கம் எத்தனை பல் தளர்த்தினீர்களோ அத்தனை பல் மறுபக்கம் இறுக்குங்கள். அப்போதுதான் பேரிங் ப்ரீலோடு மாறாது. பினியன் ஷிம்மை மாற்றிய ஒவ்வொரு முறையும் பேக்லாஷையும் மறுபடி அளக்க வேண்டும். தடம் சரியாகும்வரை புதிய நசுங்கும் ஸ்பேசரைப் போடாமல் பழைய ஸ்பேசரோடு சோதித்துவிட்டு, கடைசிப் பூட்டில் மட்டும் புதியதைப் போடுங்கள்.

பூட்டி ஓட்டுவது

உடைந்த உலோகத்தூள் ஆக்சில் குழாய்களுக்குள் போயிருக்கும். துணியைக் கம்பியில் கட்டி இரண்டு குழாயையும் சுத்தமாக இழுங்கள். ஹவுசிங்கின் மேல்பக்கத்திலிருந்து முன் பினியன் பேரிங்குக்கு ஆயில் போகும் ஒரு வழி வார்ப்பிலேயே இருக்கும். சீலன்ட் பிதுங்கி அதை அடைத்தால் அந்த பேரிங் காய்ந்தே சாகும். எல்லா பேரிங்கிலும் பூட்டும்போதே கியர் ஆயிலைத் தாராளமாக விடுங்கள். நிரப்பியபின் ஐந்து நிமிடம் மெதுவாக, இருபக்கமும் திரும்பி ஓட்டிவிட்டு நிறுத்தி அளவை மறுபடி பாருங்கள். ஆயில் குழாய்களுக்குள் பரவுவதால் மட்டம் இறங்கியிருக்கும்.

புதிய க்ரௌன்–பினியன் முதல் ஓட்டத்தில் மிகவும் சூடாகும். 20 நிமிடம் மிதமாக ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, அதை இரண்டு மூன்று முறை செய்யுங்கள். முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் ஏற்றுவதும் இன்னொரு வண்டியை இழுப்பதும் வேண்டாம். அதன்பின் அந்த ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். வடிக்கும்போது காந்தப் பிளக்கைத் துடைக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பசை மட்டும் இருந்தால் பூட்டிவிடலாம். செதில் மினுங்கினால் அன்றைக்கே மூடியைத் திறந்து பேரிங்குகளைப் பாருங்கள்.